போடியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு: வெயிலுக்கும் குளிருக்கும் ஒரு பேன்ட்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சி மட்டாஞ்சேரி ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். நவம்பர் கடைசி வாரம், புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு வீட்டிலிருந்து வண்டியை எடுத்தேன். நூற்றைம்பது சிசி பைக். பின்சீட்டில் பதினோரு பொட்டலம் ஏலக்காய், வியாபாரியிடம் காட்ட எடுத்த மாதிரிகள். உடம்பில் என் கணவரின் ரைடிங் பேன்ட். இடுப்பு நிற்காததால் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தேன்.

மலைமேல் உள்ள சிறிய தோட்டங்களுக்குப் போய்க் காய் பார்த்து, மாதிரி எடுத்து, மட்டாஞ்சேரி வியாபாரி சாகுல் பாயிடம் கொண்டு காட்டுவது என் கணவர் ராஜாங்கம் இருபது வருடமாகச் செய்த வேலை. காய் பிடித்துப்போனால் பாய் அந்தத் தோட்டத்துச் சரக்கை எடுப்பார், எங்களுக்குக் கமிஷன் வரும். எட்டு மாதத்துக்கு முன்பு, பங்குனி வெயிலில், மட்டாஞ்சேரிக்கு இறங்கும் வழியில் வளரா வளைவில் அவர் விழுந்தார். வலது முழங்கால் சிப்பி நொறுங்கியது. தொடையிலிருந்து கணுக்கால் வரை தோல் தார் ரோட்டோடு போனது. மூன்று முறை ஆபரேஷன் செய்தும் கால் மடங்கவில்லை. இனி மடங்காது என்று கடைசியில் டாக்டரே சொல்லிவிட்டார்.

விழுந்தபோது அவர் லுங்கி கட்டியிருக்கவில்லை. ஆனால் உடுத்தியிருந்தது சாதாரணத் துணி பேன்ட். குளிருக்கும் பாதுகாப்புக்கும் என்று வாங்கிய கனமான ரைடிங் பேன்ட்டை அடிமாலியில் கழற்றி, மடித்து, பையில் வைத்திருந்தார். அந்தப் பேன்ட் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்கு வந்தது. அவரை மட்டும் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

"ஏங்க கழட்டுனீங்க?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. கட்டு மாற்றும்போது கேட்பேன். சோறு போடும்போது கேட்பேன். "என் புத்தி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவருக்குப் பதிலாக நான் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். தோட்டங்களுக்கு பஸ் கிடையாது. ஜீப்புக்குக் காத்திருந்து மாதிரி எடுத்துவருவதற்குள் வேறு ஆட்கள் விலை பேசிவிடுவார்கள். ஆகவே நாற்பத்து மூன்று வயதில், போடி பள்ளிக்கூட மைதானத்தில் கியர் வண்டி பழகினேன். இந்தப் பயணத்தில் எனக்கு இரண்டு வேலை. மாதிரியைக் காட்ட வேண்டும். எனக்கென்று ஒரு பேன்ட் வாங்க வேண்டும்.

ஆறு இருபதுக்குப் போடிமெட்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி நிமிர்ந்ததும் பனி முகத்தில் அறைந்தது. அங்கே அந்தப் பேன்ட்டை நான் மெச்சினேன். காற்று உள்ளே வரவில்லை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த துணி தொடையைக் கதகதப்பாக வைத்திருந்தது. ஒரே குறை, முழங்காலில் இருக்க வேண்டிய கெட்டியான பேட் அவர் உயரத்துக்கு அளவெடுத்தது. எனக்கு அது கீழே நழுவிக் கணைக்காலில் தொங்கியது. விழுந்தால் அது யார் முழங்காலைக் காக்கும் என்று தெரியவில்லை.

எட்டேகாலுக்கு மூணாறு. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. பத்து மணிக்கு முன்பே அடிமாலி. அங்கிருந்துதான் வெயில் தொடங்குகிறது. மலை இறங்க இறங்கக் காற்றின் ஈரம் கூடுகிறது. பஞ்சுத் துணி பேன்ட்டோடு சேர்த்துத் தைத்தது, தனியாக எடுக்க முடியாது. வியர்வை தொடையிலிருந்து இறங்கி பூட்ஸுக்குள் தேங்கியது. அடிமாலி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, இங்கேதான் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். உங்களால் முடியாததை நான் செய்து காட்டுகிறேன் என்று மனதுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டு நிற்காமல் போனேன். அன்று என்னை ஓட்டியது அந்தக் கோபம்தான்.

வளரா வளைவில் எந்த அடையாளமும் இல்லை. வெள்ளையடித்த கைப்பிடிச் சுவர், அதன்மேல் ஒரு குரங்கு, ரோட்டோரம் கொஞ்சம் மணல். அங்கும் நான் நிற்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கோதமங்கலம். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் ஒரு வயதான பெண் இருந்தார்.

"எந்தா மோளே, வய்யே?" என்றார். முடியவில்லையா என்று கேட்கிறார்.

தலையை ஆட்டினேன். தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். பேன்ட்டின் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஈ சூட்டில் இது எந்தினா?" என்றார்.

எதற்கு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு மலையாளம் வராது. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு பத்துக்கு மட்டாஞ்சேரி. தோப்பும்படிப் பாலம் தாண்டிப் பழைய பஜார் ரோட்டில் திரும்பினால் சுக்கும் மிளகும் சேர்ந்த நெடி வரும். லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் சந்தில் பாயின் கிடங்கு, அதன் பின்னால் வீடு. இவர்கள் மூன்று தலைமுறைக்கு முன் கம்பம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் பாதி மலையாளம் கலந்த தமிழ். பாயின் மனைவி ஆமினா அக்கா நான் நடந்து வந்த நடையைப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டு தொடையும் தடித்துச் சிவந்திருந்தன. இடுப்பைச் சுற்றிக் கொப்புளம்.

"படச்சோனே, இது என்ன கோலம் செல்வி. இதைப் போட்டுட்டா இவ்வளவு தூரம் வந்தே?"

"கழட்டக் கூடாதுன்னு வந்தேன் அக்கா."

"கழட்டாம இருந்தா விழாமலே செத்துப் போவே" என்று சொல்லிவிட்டு எண்ணெய் எடுக்கப் போனார்.

சாயங்காலம் பாய் மாதிரிகளை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தார். பதினொன்றில் ஐந்தை ஒதுக்கினார். நிறம் போய்விட்டதாம். ஐந்தும் நான் தனியாகப் போய் எடுத்தவை; மற்ற ஆறும் என் கணவரின் பழைய தோட்டங்கள். அவர் குறையாகச் சொல்லவில்லை. "போகப் போகப் படிஞ்சு வரும் தங்கச்சி" என்றார். தொழுகை முடிந்து வந்து, கப்பைக்கிழங்கும் மீனும் தட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். பாய் சாப்பிடவில்லை.

"செல்வி, ஒரு காரியம் பறையணும்" என்றார். "எட்டு மாசமா தொண்டையில நிக்குது. அன்னிக்கு ராஜாங்கம் அடிமாலியில இருந்து என்னைப் போன்ல விளிச்சான். பாய், பேன்ட்டுக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு, தலை சுத்துது, ஒரு மணிக்கூர் நேரம் உக்காந்துட்டு வர்றேன்னான். இங்க சரக்கு வாங்க வந்த ஆள் மூணு மணிக்குப் போகணும்னு நின்னுட்டு இருந்தான். நான்தான் சொன்னேன், சூடுன்னா அதைக் கழட்டிப் பையில வெய்யி, உக்காராதே, வேகம் வான்னு."

ஆமினா அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

"அவர் இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே பாய்" என்றேன்.

"சொல்ல மாட்டான். ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ நானே வாயைத் திறந்தேன். நீங்க பேசாம இருங்க பாய், செல்விக்கு உங்களை விட்டா வேற வழி இல்லைன்னு சொல்லிட்டான்."

தட்டை நகர்த்தி வைத்தேன். எட்டு மாதமாகக் கேட்ட ஒவ்வொரு "ஏங்க கழட்டுனீங்க"வும் திரும்பி வந்தது. பாய் மேல் கோபம் வந்தது. ஆனால் அடுத்த வாரமும் அவரிடம்தான் வர வேண்டும். வீட்டுக்குப் போன் செய்ய எடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆமினா அக்காவும் நானும் பஸ் பிடித்து, பைக் சாமான் கடைகள் இருக்கும் கலூருக்குப் போனோம். பாய் கார் அனுப்புவதாகச் சொன்னார்; அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டார். வழி முழுக்க அவர் தன் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேவரா தாண்டும்போது மட்டும், "அவர் மோசமான ஆளில்லை செல்வி" என்றார். நான் "தெரியும் அக்கா" என்றேன்.

முதல் கடையில் பெண்களுக்கான பேன்ட்டே இல்லை. இரண்டாவது கடையில் ஒன்று இருந்தது, அதில் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். என் அளவு வேண்டுமானால் ஆர்டர் கொடுத்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்தில் பறிப்பு பாதி முடிந்துவிடும். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துச் சந்தில் மூன்றாவது கடை. அங்கே விற்பனையில் இருந்த ஜோபி என்பவருக்கு ஓரளவு தமிழ் வந்தது.

"சேச்சி எங்கே ஓட்டுது?"

"போடியில இருந்து இங்க. வாரம் ஒரு தடவை."

அவர் தொங்கிய பேன்ட்டுகளை ஒரு தடவை பார்த்தார். "மூணாறு தணுப்பும் இங்கத்தச் சூடும் ஒரே நாள்ல. சத்தியம் பறைஞ்சா, ரெண்டுக்கும் சேர்த்து நல்ல பேன்ட் இல்லா சேச்சி. சூட்டுக்கு ஒண்ணு, தணுப்புக்கு ஒண்ணு வாங்கணும்."

"ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு."

ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தோல் பேன்ட், பத்தொன்பதாயிரம். உரசலுக்கு அதைப் போல வேறில்லை. ஆனால் வெயிலில் போட முடியாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று அவரே சொன்னார். உள்ளே பாதுகாப்புத் துணி வைத்த ஜீன்ஸ், பதினோராயிரம். நனைந்தால் ஒரு நாள் ஆனாலும் காயாது. அடுத்தது எல்லாக் காலத்துக்கும் என்று சீட்டு ஒட்டியது, பதினாலாயிரத்து ஐந்நூறு. அதைக் காலில் மாட்டிய மறு நிமிடம் என் கணவரின் பேன்ட் ஞாபகம் வந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக எடுத்தது வலைத்துணியில் செய்தது, ஒன்பதாயிரத்து இருநூறு. ஆண்கள் அளவு, இடுப்பு முப்பது. முழங்காலும் பின்பக்கமும் கனமான துணி, மற்ற இடமெல்லாம் காற்றுப் புகும் வலை. உள்ளே ஜிப்பால் மாட்டிக்கொள்ள இரண்டு லைனர், ஒன்று மழைக்கு, ஒன்று குளிருக்கு. ஜோபி என்னை ஒரு பைக்கில் உட்கார வைத்தார்.

"நின்னு பார்க்கக் கூடாது சேச்சி. முட்டு மடக்கிப் பார்க்கணும். மடக்கும்போ பேட் சிரட்டை மேல நிக்குதான்னு நோக்கு."

பேட் வைக்கும் பையில் மூன்று உயரத்துக்கு வெல்க்ரோ இருந்தது. மேல் உயரத்தில் ஒட்டியதும் முழங்கால் சிப்பியின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் பேட் இருந்தது. தையல்கள் இரட்டை. ஆமினா அக்கா என் முழங்காலைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"இது இருந்திருந்தா அவன் கால் பிழைச்சிருக்குமா?" என்று ஜோபியிடம் கேட்டார். யார் கால் என்று ஜோபிக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டது போல, "இட்டிருந்தால் பிழைச்சிருக்கும் இத்தா" என்றார். போட்டிருந்தால் என்று அர்த்தம்.

அதையே வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மட்டாஞ்சேரியில் தூறல். மழை லைனரைப் பேன்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாய் வாசலுக்கு வந்து, "பதுக்கெ, மெதுவாப் போ தங்கச்சி, யாரும் அவசரப்படுத்தலை" என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினேன்.

பெரும்பாவூர் வருவதற்குள் மழை நின்றுவிட்டது. மேகம் விலகி வெயில் அடித்தது, மழைக்குப் பின் அடிக்கும் அந்தக் கேரளத்து வெயில். வலைத்துணிக்குள் காற்று வரவேண்டும் என்றால் லைனரை எடுக்க வேண்டும். லைனர் உள்ளே இருக்கிறது. அதை எடுக்கப் பேன்ட்டையே கழற்ற வேண்டும். கடையில் ஜோபியும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரோட்டோரம் நின்று ஓர் ஆண் பேன்ட்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். நான் எங்கே போவேன். ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே கோதமங்கலம் வரை போனேன். புதன்கிழமைக் கொப்புளங்கள் உடைந்து எரியத் தொடங்கியிருந்தன.

எட்டு ஐம்பதுக்குக் கோதமங்கலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறைச் சாவி வாங்கினேன். தரையெல்லாம் தண்ணீர். ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றி, பேன்ட்டைக் கழற்றி, ஜிப்பும் பொத்தானுமாக இருந்த லைனரைப் பிரித்தேன். மெல்லிய பருத்தி லெக்கிங்ஸோடு நின்றேன். பேன்ட் உள்ளே சொதசொதவென்று இருந்தது. மறுபடி காலை அதற்குள் விடக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டேன்.

யாரும் என்னைப் போனில் விளிக்கவில்லை. யாரும் மூன்று மணிக்குக் காத்திருக்கவில்லை. பேன்ட்டை மடித்துப் பையில் வைத்துக் கட்டினேன். அடிமாலியில் குளிர் தொடங்கும், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தானே.

வண்டி கிளம்பியதும் காலில் காற்று பட்டது. சுகமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. இரண்டு நாள் எரிச்சலுக்குப் பின் அந்தக் காற்று அவ்வளவு சுகமாக இருந்தது.

நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏற்றம். வளரா வளைவில் ஒரு பஸ் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழிவிட ஓரம் ஒதுங்கினேன். ரோட்டோர மணலில் பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. கைப்பிடிச் சுவர் என் இடது காலுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததைப் பார்த்தேன். லெக்கிங்ஸின் துணி நூலிழை நூலிழையாகத் தெரிந்தது. பிறகு சக்கரம் தாரைப் பிடித்தது. நான் செய்தது எதுவுமில்லை. ஹேண்டிலைக் கூட நான் திருப்பவில்லை. பஸ் போய்விட்டது.

அடிமாலியில் வண்டியை நிறுத்தினேன். ஒரு டீக்கடைப் பெண் உள்ளறையைக் காட்டினாள். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ரைடிங் பேன்ட் வாங்கப் போகிறவர்கள் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முழங்காலை மடக்கிப் பாருங்கள். மழைத்துணி வெளியே மாட்டுவதாக இருந்தால் நல்லது, உள்ளே மாட்டுவது வேண்டாம். நடுமதியத்தில் கடைக்கு வெளியே அதைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்று பாருங்கள். இவ்வளவும் செய்தாலும், குளிரும் சூடும் ஒரே நாளில் வரும் ரோட்டில் உங்களை முழுக்கக் காக்கும் பேன்ட்டை நான் பார்க்கவில்லை. கழற்றத் தோன்றாத பேன்ட் ஒன்று எங்காவது இருந்தால் அதை வாங்குங்கள். அது கலூரில் மூன்று கடையிலும் கிடைக்கவில்லை.

நாலே முக்காலுக்குப் போடி. கொச்சியின் பிசுபிசுப்பு எங்கள் ஊரில் கிடையாது; மலைக்காற்று காய்ந்து வரும், வியர்வை தங்காது. ஆனால் வீட்டுக்குள் மருந்து வாடை. அவர் காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படித்தான் இருந்திருப்பார்.

"வா, கிட்ட வா" என்றார். பேன்ட்டின் முழங்காலைத் தடவினார். பேட்டை அழுத்திப் பார்த்தார். தையலை நகத்தால் நெருடினார். வாங்கும்போது இவரும் இருந்திருந்தால் லைனரைப் பற்றிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கழட்டலையே?"

பாய் சொன்னது எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். நானும் கழற்றினேன், ஒருவரும் சொல்லாமல் நானாகவே கழற்றினேன், அதே வளைவைத் தாண்டினேன் என்று சொல்லலாம். சொன்னால் எட்டு மாதமாகத் தன்னையே திட்டிக்கொள்ளும் இந்த மனிதர் அதை நிறுத்துவார். ஆனால் வருகிற புதன்கிழமை நான் ஐந்தே காலுக்கு வண்டி எடுத்தால், திரும்பி வரும் வரை இந்த நாற்காலியில் இவர் எப்படி உட்கார்ந்திருப்பார்.

"இல்லங்க" என்றேன்.

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்காவது புத்தி இருக்கே" என்றார்.